ரிக் கேட்ட கோமதி அக்கா

செய்தி வந்தபோது நான் பொன்முடி போகிற வழியில் ஒரு வீட்டு வளவில் போர் போட்டுக்கொண்டிருந்தேன். கம்ப்ரசர் ஓடுகிற இடத்தில் செல்போனில் பேசுவது, கல்யாண மேளத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு ரகசியம் கேட்பது மாதிரி. சசி கூப்பிடுகிறான் என்று தெரிந்தது. கப்பல் யார்டில் கிரேன் ஓட்டுகிற சசி. ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தேன். "போயி, சேட்டா, போயி" என்பது மட்டும் காதில் விழுந்தது.

மறுநாள் காலைதான் யார்டில் கட்டிய கடல் ரிக்கை மிதக்க விடுகிற நாள். "என்னடே போச்சு? ரிக்கா போச்சு?" என்று கத்தினேன்.

"ரிக்கல்ல சேட்டா. அக்கா. நம்முடெ கோமதி அக்கா."

கையைத் தூக்கிக் காட்டினேன். பையன்கள் மிஷினை நிறுத்தினார்கள். அத்தனை சத்தமும் ஒரேயடியாக அடங்கியதும் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, "வெள்ளம் கண்டோ?" என்று கேட்டார். தண்ணீர் வந்துவிட்டதாக்கும் என்று அவருக்குச் சந்தோஷம். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டது, நானும் பெரிய மனசு பண்ணி அதை விட்டுவிட்டேன். ஆகையால் எழுத்தில் குற்றம் இருந்தால் அச்சுக்கோப்பவர் பார்த்துக்கொள்வார். ஆளில் குற்றம் கிடையாது.

கோமதி அக்கா வலியசாலையில் பிறந்து, அதே வலியசாலையில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கடற்கரையில் இருக்கிற அரசுக் கப்பல் யார்டில் கணக்குப் பிரிவில் வேலை. கூட்டிக் கழித்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்திருக்கலாம். அப்படி இருக்க அவருக்கு வராது. சங்கத் தேர்தலில் நின்றார். வெல்டர், பெயிண்டர், கிரேன்காரர் எல்லோரும் ஓட்டுப் போட்டு அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். "மனு குடுக்க வாறவன் எல்லாம் கிரீஸ் கையை என் மேஜையில வச்சிட்டுப் போறான். இப்ப என் மேஜையில ஈ உக்காந்தாக்கூட வழுக்கி விழுந்திரும்" என்பார். ஆனால் அந்த மேஜையைத் துடைக்கவும் விடமாட்டார்.

அந்த யார்டு இழுவைப் படகும் மீன்பிடிப் படகும் கட்டிக்கொண்டிருந்த இடம். மெல்ல மெல்ல ஆர்டர் வருவது நின்றுபோயிற்று. கப்பல் கட்டுகிற பள்ளம் இருக்கிறதே, டிரை டாக் என்பார்கள், அதில் மழைத் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்துக் கிடந்தது. வெல்டர்கள் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் ஆட்டோ ஓட்டினார்கள். சிலர் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். யார்டை மூடிவிட்டு இடத்தை ஓட்டல் கட்டக் கொடுத்துவிடலாம் என்று மேலே பேச்சு நடந்தது. அத்தனை வீட்டுச் சோறும் அந்தப் பேச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அக்கா சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னாராம்: "கப்பல் வாங்குங்கன்னு கேட்டா, கப்பல் வேண்டாம்னு சொல்லுதாங்க. கடல்ல எண்ணெய் எடுக்கிறதுக்கு ரிக் வேணும்னு அவங்களே ஊர் ஊரா அலையுதாங்க. அதை வெளிநாட்டுல போய் வாங்காம நம்மகிட்ட வாங்கச் சொல்லுவோம். மாநில அரசு ஜாமீன் நிக்கட்டும், மத்திய அரசு ஆர்டர் தரட்டும். நாம கட்டித் தருவோம்."

கட்டத் தெரியுமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "கல்யாணத்துக்கு முன்னால எனக்குச் சமைக்கத் தெரியாது. உங்க அண்ணாச்சி உயிரோடதான இருக்காரு?" என்றாராம். அண்ணாச்சி என்றால் அக்காவின் வீட்டுக்காரர் சிதம்பரம் அண்ணாச்சி. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. ஊரில் ஆயிரம் வார்த்தை பேசுகிற அக்காவுக்கு, வாய் திறக்காத அண்ணாச்சி.

தலைமைச் செயலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 'எங்களுக்கு ரிக் தா' என்று மலையாளத்தில் பெரிய பேனர். இங்கேதான் வேடிக்கை. நம் ஊரில் ரிக் என்றால் என்ன? போர் போடுகிற லாரி. திருச்செங்கோட்டு நம்பரோடு வந்து ராத்திரி பகலாக மண்ணைக் குடைகிற வண்டி. போகிறவர் வருகிறவர் எல்லாம் பேனரைப் படித்துவிட்டு, பாவம், எந்தப் பஞ்சாயத்திலோ குடிக்கத் தண்ணீர் இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி ஒரு பெட்டி தண்ணீர்ப் பாட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போனாராம். சசி ஓடிப்போய் விஷயத்தை விளக்கப் பார்த்தானாம். அக்கா விடவில்லை. "சும்மா வாங்கி வையிடே. கோஷம் போடுததுக்குத் தொண்டை வேணும்லா."

அதே தப்பை நானும் செய்தேன். மற்றவர்கள் பாட்டில் அளவுக்குச் செய்தார்கள், நான் லாரி அளவுக்குச் செய்தேன். அக்காவோடு எனக்குப் பழக்கம் வந்ததே அப்படித்தான்.

பந்தல் பலித்தது. இந்த யார்டால் ரிக் கட்ட முடியுமா என்று பார்த்துச் சொல்ல அரசு ஒரு கமிட்டி அமைத்தது. கமிட்டி வருவதற்கு முந்தின நாள் அக்கா சசியிடம், "ரிக் வேலை தெரிஞ்ச ஆள் ஒருத்தரைப் பாத்துக் கூட்டிட்டு வா. அவங்க ஏதாவது கேட்டா நாம முழிக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். சசி நேரே பழவங்காடிக்கு வந்தான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிற எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அங்கேதான் என் கடை போர்டு தொங்குகிறது: 'ரிக் வேலைகள் செய்து தரப்படும்.'

"நாளெ ராவிலே யார்டில் வரணம். ரிக் காரியமாணு" என்றான். காலையில் வந்துவிட வேண்டும், ரிக் விஷயம், அவ்வளவுதான் சொன்னான். ஆள் மட்டும் வந்தால் போதும் என்று அவன் சொல்லவில்லை. வண்டி வேண்டாமா என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. சாம்பார் வேண்டும் என்று ஒருத்தர் சொன்னால் பாத்திரத்தோடு வேண்டுமா என்று யாராவது கேட்பார்களா?

மறுநாள் காலை லாரியும் கம்ப்ரசர் வண்டியும் பையன்களுமாக யார்டு கேட்டில் போய் நின்றேன். எங்களுக்குப் பின்னால் நாலைந்து அரசுக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. கேட்டுக்கு உள்ளே ரோஜா மாலையும் சந்தனக் கும்பாவுமாகத் தொழிலாளிகள் வரிசையாக நின்றார்கள். வரவேற்பு எனக்குத்தான் என்று ஒரு நிமிஷம் நினைத்துச் சட்டைப் பொத்தானைக்கூடச் சரிசெய்தேன்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். "யாருப்பா நீ?"

"ரிக் சொல்லியிருந்தீங்களாமே, வந்தாச்சு. பாயிண்ட் எங்கேக்கா?"

பாயிண்ட் என்றால் எங்கள் தொழிலில் நீரோட்டம் பார்த்துக் குறித்து வைத்த இடம். அக்கா லாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாயிண்டா? கடல்லயாக்கும்" என்றார்.

"கடல்லயா? அங்கதான் தண்ணி இருக்கே அக்கா. பின்ன எதுக்குத் தோண்டணும்?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி நழுவ, முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. அவருக்குப் பின்னால் நின்றவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் முடிந்தது என்றே அவர்கள் நினைத்துவிட்டார்கள். பின்னால் கார்க் கதவு திறந்தது. கமிட்டித் தலைவர் இறங்கி வந்து, "இதெந்தா?" என்றார்.

"ரிக், சார்" என்றார் அக்கா.

"நமுக்கு வேண்டது இதல்லல்லோ."

"இதில்ல சார். இது அதோட தரைக்காரத் தம்பி." சொல்லிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "தம்பி, தோண்டும்போது உன் வண்டி எப்படி நிக்கும்? டயர் மேலயா?"

"டயர் மேல நின்னா ஆடிப்போகும் அக்கா. ஜாக்கிக் காலை இறக்கி வண்டியையே மேல தூக்கிருவோம்."

அக்காவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். "தூக்குடே!" என்றார்.

பையன்கள் லீவரைத் தள்ளினார்கள். நாலு மூலையிலும் இரும்புக் கால்கள் இறங்கித் தரையை மிதித்தன. அத்தனை கனமான லாரி முனகிக்கொண்டே எழும்பியது. டயர்கள் தரையை விட்டு மேலே வந்தன. கமிட்டித் தலைவர் குனிந்து, டயருக்கும் தரைக்கும் நடுவில் தம் கையை விட்டுப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவையும் விட்டுப் பார்த்தார்.

"இவ்வளவுதான் சார்" என்றார் அக்கா. "லாரிக்குப் பதிலா ஒரு பெரிய தோணி. அதை மிதக்க விட்டுக் கூட்டிட்டுப் போறோம். போய்ச் சேர்ந்ததும் காலைக் கடல் அடியில இறக்கி ஊனினா, தோணி தண்ணியை விட்டு மேல எழும்பிரும். அலை அடிச்சாலும் ஆடாது. அப்புறம் தோண்ட வேண்டியதுதான்."

"இத்தர நாளும் இது ஆரும் பறஞ்ஞில்லல்லோ" என்று அவர் ஆச்சரியப்பட்டார். இதை ஏன் இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை என்கிறார்.

"எனக்கே இப்பத்தான் சார் புரிஞ்சுது. எங்க எஞ்சினியர் படம் போட்டுப் போட்டுக் காட்டினாரு. புரிஞ்ச மாதிரி தலையாட்டி வச்சிருந்தேன்."

முதலில் சிரித்தவர் அந்த எஞ்சினியர்தான். அப்புறம் தலைவர் சிரித்தார். அப்புறம் மாலை வைத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கால் மூன்றா நான்கா, கடல் எவ்வளவு ஆழம், தகடு எங்கிருந்து வரும் என்று அதற்கு மேல் அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் எஞ்சினியர் பதில் சொன்னார். நான் லாரியைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு, கமிட்டிக்கு வாங்கிய வடையில் என் பங்கைத் தின்றேன். போகும்போது அக்கா, "வந்தது வந்தே, காண்டீனுக்கு ஒரு போர் போட்டுட்டுப் போ" என்றார். போட்டோம். உப்புத் தண்ணீர்தான் வந்தது. "பாத்தியா, கடைசியில கடலைத்தான் தோண்டியிருக்கே" என்றார். இந்த ஒரு வார்த்தையை வைத்து என்னை அவர் ஓட்டிய ஓட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு நான் அவரை 'ரிக் அக்கா' என்று கூப்பிட்டுப் பழி தீர்த்துக்கொண்டேன்.

ஆர்டர் உடனே வந்துவிடவில்லை. அமைச்சர் வீடு, செயலாளர் அறை, சட்டமன்ற விடுதி என்று அக்கா நடந்த நடைக்கு அளவில்லை. யார்டு நஷ்டத்தில் இருக்கிறது, அரசு பணத்தைக் கொட்டி எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய அதிகாரி என் முன்னாலேயே கேட்டார். அன்றைக்கு நான் அக்காவுக்குக் குடை பிடிக்கப் போயிருந்தேன். அக்கா கோபப்படவில்லை. "சும்மா குடுத்தா அது தானம் சார். அது எங்களுக்கு வேண்டாம். வேலை குடுங்க, பொருளை வாங்கிக்கிடுங்க, அது வியாபாரம். நாங்க சாலைக் கடைத்தெருக்காரங்க. வியாபாரத்துல வெக்கப்பட மாட்டோம்" என்றார். அதிகாரி உட்காரச் சொன்னார். வெளியே வந்ததும், "நல்லாப் பேசினீங்கக்கா" என்றேன். "கால் நடுங்கினது உனக்குத் தெரியல இல்ல? சேலைக்கு இதுதான் சௌகரியம்" என்றார்.

ஒருநாள் மத்தியானம் பழவங்காடிக் கடையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன், போன் அடிக்கிறது. "செல்லையா! கிடைச்சாச்சுடே! ரிக் கிடைச்சாச்சு!" பின்னால் யார்டுச் சங்கு அலறுகிறது, ஆட்கள் கூவுகிறார்கள். மாநில அரசு ஜாமீன் நிற்கிறது, மத்திய அரசின் எண்ணெய் நிறுவனம் ஒரு ரிக் கட்ட ஆர்டர் தருகிறது. நான் பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் வாங்கினேன். ஒன்று போதாது என்று கூடை நிறைய வாங்கினேன். என் வீட்டுக்காரி, நமக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டாள். ஒரு லாபமும் இல்லை. ஆனால் என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிதறுகாய் உடைக்கவில்லை. இதை அவளிடம் சொல்லியும் விட்டேன், அது வேறு கதை.

ஆர்டர் வந்த அன்றைக்கே அக்கா எல்லோரையும் டாக் ஓரத்தில் கூட்டி நிறுத்தினார். "ஒரு ரிக்கு கட்டி முடிச்சா, அடுத்த நாள் திரும்ப ஆட்டோ ஓட்டப் போகணும். சொன்ன காலத்துல இது மிதந்தாத்தான் ரெண்டாவதுக்கு ஜாமீன் நிப்போம்னு அரசு சொல்லியிருக்கு. நமக்கு வேண்டியது அந்த ரெண்டாவது. இதை மனசுல வச்சுக்கிட்டு வெல்டிங் ராடைப் பத்த வையுங்க" என்றார். வளைகுடா போனவர்கள் பெட்டியோடு திரும்பினார்கள். பாசி பிடித்த பள்ளத்தில் நெருப்புப் பொறி பறந்தது. போகிறபோதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அது உயர்ந்திருக்கும். கடைசியில் மூன்று கால்களும் வானத்தைப் பார்த்து நின்றபோது, யார்டுக்கு வெளியே தென்னந்தோப்புக்கு மேலாகவே அது தெரிந்தது.

இதற்கிடையில் அக்காவுக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. போன மாதம் சால்வை போர்த்தி, பாயசம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கினார். "ஆபீஸ்ல இருந்துதான் போகச் சொன்னாங்க, சங்கத்துல இருந்து யாரும் போகச் சொல்லலியே" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா என்றால், மிதக்கட்டும், அப்புறம் போகலாம் என்றார். மிதப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் வலியசாலை போய்ச் சேர்ந்தபோது சாயங்கால வெயில் இருந்தது. தெரு முழுக்க யார்டு ஆட்கள். அழுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் தணிந்த குரலில் ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் இருக்கிற ஒருத்தர் இறந்துபோனால், எரியூட்டி முடிகிறவரை ஒருத்தரும் கருவியைத் தொடக் கூடாது. நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அந்த உரிமையை வாங்கிக்கொடுத்ததே கோமதி அக்காதான். இப்போது அவருக்கே வேலையை நிறுத்தாமல் இருப்பதா? நிறுத்தினால் மறுநாள் காலைக் கடல் ஏற்றம் போய்விடும். நம் கடல் ஏறுவதே கொஞ்சம்தான். ரிக்கைத் தூக்குகிற அளவுக்குத் தண்ணீர் உள்ளே வருகிற நாள் அடிக்கடி வராது. தவறவிட்டால் சொன்ன காலம் தப்பும், ரெண்டாவது ரிக்கும் தப்பும்.

"அக்காவைக் கிடத்திட்டு நான் கிரேன்ல ஏறமாட்டேன்" என்று சசி அழுதான்.

சிதம்பரம் அண்ணாச்சி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் இத்தனை பேருக்கு முன்னால் பேசி நான் பார்த்ததில்லை.

"அந்த வழக்கம் வேலையில இருக்கிறவங்களுக்குத்தானே?"

"ஆமா அண்ணாச்சி."

"அவ போன மாசமே ரிட்டயர் ஆயிட்டா. நீங்கதான் பாயசம் குடுத்தீங்க. உங்க ரூல் அவளுக்குப் பொருந்தாது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி சொன்னார்: "நாளை மத்தியானத்துக்கு மேலதான் எடுப்போம். காலையில போய் மிதக்க விட்டுட்டு வாங்க. அவ கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

அழுதுகொண்டிருந்த சசி சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே இன்னும் பெரிதாக அழுதான். கணக்குப் பிரிவுக்காரியோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவர் அல்லவா! தெருவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

மறுநாள் காலை நானும் யார்டுக்குப் போனேன். டாக் வாய்க் கதவில் வால்வைத் திறந்தார்கள். கடல் உள்ளே வந்தது. முதலில் ஓடை மாதிரி, அப்புறம் ஆறு மாதிரி. ரிக்கின் அடியைத் தொட்டது, வயிற்றைத் தொட்டது, இன்னும் ஏறியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அது அசையவில்லை. இரும்பு மலை மாதிரி நிற்கிறது. எஞ்சினியர் உதடு முணுமுணுக்கிறது. நானும் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டு, தெரியாத சாமிகளிடமும் அறிமுகம் செய்துகொண்டேன். அப்போது கிரேன் உச்சியிலிருந்து சசியின் குரல் வந்தது: "அனங்ஙி! அனங்ஙி!"

அசைந்துவிட்டது! ஒரு விரல்கடை அசைவு. அப்புறம் மெதுவாக, கர்ப்பிணி எழுந்திருக்கிற மாதிரி, அத்தனை இரும்பும் தண்ணீரில் எழும்பியது. சங்கு ஊதினார்கள். ஹெல்மெட்டுகள் மேலே பறந்தன, அதில் ஒன்று என் மண்டையில்தான் விழுந்தது. நான் யாரையோ கட்டிப்பிடித்துக் குதிக்கிறேன், பார்த்தால் கமிட்டியில் வந்திருந்த ஒரு அதிகாரி. இழுவைப் படகுகள் கயிற்றை இறுக்கின. மூன்று காலையும் வானத்தில் தூக்கிக்கொண்டு ரிக் கடலுக்குள் போயிற்று. கரையில் நின்ற மீனவர் வீட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள்.

அப்படியே எல்லோரும் யார்டு பஸ்ஸில் ஏறி வலியசாலைக்கு வந்தோம். யாரும் உடை மாற்றவில்லை. கனமான பூட்ஸ் சத்தம் தெருவில் கேட்டதும் அண்ணாச்சி வாசலுக்கு வந்தார்.

"மிதந்துதா?"

"மிதந்தாச்சு அண்ணாச்சி" என்றான் சசி.

அண்ணாச்சி உள்ளே போனார். கதவு திறந்திருந்ததால் நாங்கள் பார்த்தோம். அக்காவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காதருகே குனிந்து, "மிதந்துட்டாம் கோமதி" என்றார்.

அக்கா, இதை எழுதுகிற இந்த வாரத்தில் ரெண்டாவது ரிக்குக்கு அரசு ஜாமீன் நிற்க ஒத்துக்கொண்டுவிட்டது. டாக் காலியாகி இன்னும் ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் தகடு இறக்குகிறார்கள். ஆள் போதவில்லை என்று சசி புலம்புகிறான். அந்த யார்டில் இப்படி ஒரு புலம்பலைக் கேட்கத்தானே நீங்கள் அத்தனை வாசல் ஏறி இறங்கினீர்கள்! நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டுக்கொண்டே நிம்மதியாகப் போய்வாருங்கள்.